சூடாகும் கேமிங் லேப்டாப்: காரணம் தெரிந்தால் காசு மிச்சம்



நம்மில் பலர் வீட்டில் இப்போது ஒரு கேமிங் லேப்டாப் இருக்கிறது. விளையாட மட்டும் வாங்கியது இல்லை அது. கட்டடக் கலை படிப்பவருக்கும், அனிமேஷன் படிப்பவருக்கும், என்னைப் போல இயந்திரப் பொறியியல் படிப்பவருக்கும் நல்ல கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப் தேவைப்படுகிறது. நாலாயிரம், ஐயாயிரம் வெள்ளி கொடுத்து வாங்குகிறோம். அது அப்பாவின் ஓவர்டைம் காசாக இருக்கும், அம்மா போட்ட சீட்டுப் பணமாக இருக்கும், இல்லையென்றால் படிப்புக் கடனில் மிச்சம் பிடித்ததாக இருக்கும். கெட்டுப் போனால் இன்னொன்று வாங்குவது சுலபம் இல்லை.

அந்த லேப்டாப் ஒன்றரை வருடத்தில் அடுப்பு மாதிரி சூடாகிறது, விசிறி கத்துகிறது, விளையாட்டு பத்து நிமிடத்தில் திக்கித் திணறுகிறது, அசைன்மெண்ட் செய்யும்போது திடீரென்று அணைந்து விடுகிறது. இப்படிப்பட்ட புகாரை நம் கிளையில் அடிக்கடி கேட்கிறேன். இந்தப் பாடத்தில் மூன்று விஷயம் படிப்போம்: சூடு எப்படி உண்டாகிறது, எந்த வழியாக வெளியே போகிறது, அந்த வழி அடைபட்டால் நாம் என்ன செய்யலாம். படிவம் 4, 5 இயற்பியல் ஞாபகம் இருந்தால் போதும்.

1. சூடு எங்கிருந்து வருகிறது?

லேப்டாப்பின் உள்ளே இரண்டு முக்கியமான சிப் உண்டு. ஒன்று சிபியூ, இன்னொன்று ஜிபியூ. இரண்டிலும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் நொடிக்கு நொடி திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மின்சாரம் செலவாகிறது. அந்த மின்சாரம் எங்கே போகிறது? சிப் எந்தப் பாரத்தையும் தூக்குவதில்லை, எந்தச் சக்கரத்தையும் சுற்றுவதில்லை. ஆக, உள்ளே போன மின்சாரம் முழுக்க வெப்பமாக மாறுகிறது. 100 வாட் உள்ளே போனால் 100 வாட் வெப்பம் வெளியே வந்தாக வேண்டும்.

பழைய காலத்து 100 வாட் குண்டு பல்பை யாராவது கையால் தொட்டிருக்கீங்களா? தொட முடியாது. கனமான விளையாட்டு ஓடும்போது சிபியூவும் ஜிபியூவும் சேர்ந்து அந்த அளவு வெப்பத்தை, சில சமயம் அதற்கு மேலும், வெளியே விடுகின்றன. அதுவும் ஏறக்குறைய ஒரு 5 காசு நாணயம் அளவு பரப்புள்ள சிப்பிலிருந்து. ஆகவே கேமிங் லேப்டாப் சூடாவது நோய் இல்லை, அதன் இயல்பு. அளவு மீறுவதுதான் பிரச்சினை.

அளவு என்றால் எவ்வளவு? லேப்டாப்பில் வரும் இன்டெல் சிபியூ பலவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி சிபியூ பலவற்றுக்கு 95 அல்லது 100. அந்த வரம்பைத் தொட்டதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். இதற்குத் த்ரோட்லிங் என்று பெயர். பத்தாவது நிமிடத்தில் விளையாட்டு திக்குவது பெரும்பாலும் இதனால்தான். வேகத்தைக் குறைத்தும் சூடு ஏறினால் லேப்டாப் சட்டென்று அணைந்து விடும். அதுவும் ஒரு தற்காப்புதான். ஆனால் நம்முடைய சேமிக்காத வேலை அதோடு போய்விடும்.

2. சூடு வெளியே போகும் வழி

வழி இதுதான்: சிப், அதன் மேல் வெப்பப் பசை, அதன் மேல் செம்புத் தகடு, அதிலிருந்து செம்புக் குழாய், குழாயின் முனையில் மெல்லிய தகடுகளின் அடுக்கு, கடைசியில் விசிறிக் காற்று. ஆறு படி. ஒரு படி கெட்டாலும் பின்னால் வரும் எல்லாம் தேங்கும். தோட்டத்துக் கால்வாயில் ஓர் இடத்தில் குப்பை அடைத்தால் மேலே தண்ணீர் ஏறுவது மாதிரி.

வெப்பப் பசை எதற்கு? சிப்பின் மேற்பரப்பும் செம்புத் தகடும் பார்க்க வழவழப்பாக இருந்தாலும் நுண்ணிய மேடு பள்ளம் உண்டு. பள்ளத்தில் காற்று நிற்கும். செம்பு காற்றைவிட ஏறக்குறைய 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். காற்று அவ்வளவு மோசமான கடத்தி. அந்தக் காற்றைத் தள்ளிவிட்டுப் பள்ளத்தை நிரப்பவே பசை. சில வருடத்தில் இது காய்ந்து போகும், அல்லது சூடேறி ஆறி, சூடேறி ஆறி ஓரத்துக்கு ஒதுங்கி விடும்.

செம்புக் குழாய் வெறும் செம்புக் கம்பி என்று நினைக்காதீங்க. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் வைத்து மூடியிருப்பார்கள். சிப் பக்கம் தண்ணீர் ஆவியாகும், மறுமுனைக்கு ஓடும், அங்கே குளிர்ந்து நீராகி வெப்பத்தைக் கொட்டும், உள்சுவரில் இருக்கும் திரி போன்ற பொருள் வழியாக மறுபடி சிப் பக்கம் வரும். 1963ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் இதை உருவாக்கிக் காட்டினார். விண்கலங்களுக்காக வளர்ந்த தொழில்நுட்பம் இன்று நம் மடியில் உட்கார்ந்திருக்கிறது.

தகட்டு அடுக்கு எதற்கு? மாமாக் கடையில் தே தாரே ஆத்துறவரைப் பாருங்க. உயரத் தூக்கி இழுத்து ஊற்றும்போது தேநீர் மெல்லிய தாரையாகி அதிகப் பரப்பில் காற்றைத் தொடுகிறது, சீக்கிரம் ஆறுகிறது. தகட்டு அடுக்கும் அதே வேலைதான். பரப்பை அதிகமாக்கிக் காற்றிடம் வெப்பத்தை ஒப்படைக்கிறது. தகடுகளுக்கு நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அங்கேதான் தூசி போய் உட்காருகிறது.

நம் வீடுகளில் தூசி மட்டும் இல்லை. சமையலறையின் எண்ணெய்ப் பிசுக்கு, சாம்பிராணிப் புகை, ஊதுபத்திச் சாம்பல், பூனை முடி எல்லாம் விசிறி உள்ளே இழுத்துக்கொள்ளும். எண்ணெய் பட்ட தூசி கம்பளி மாதிரி ஒட்டிக்கொள்ளும். லேப்டாப்பைச் சமையலறைக்கும் சாமி அறைக்கும் பக்கத்தில் வைத்து வேலை செய்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

3. ஒரு சின்னக் கணக்கு

மின்சுற்றில் ஓம் விதி படித்திருக்கிறோம். வெப்பத்துக்கும் அதே மாதிரி ஒரு சூத்திரம் உண்டு.

சிப்பின் வெப்பநிலை = அறையின் வெப்பநிலை + (வாட் × வெப்பத் தடை)

கணக்குக்காக எளிய எண்களை எடுத்துக்கொள்வோம். சிப் 100 வாட், வெப்பத் தடை ஒரு வாட்டுக்கு 0.5 டிகிரி.

ஏர்கோன் அறையில், 24 டிகிரியில்: 24 + 50 = 74 டிகிரி.
நம் ஊர் மதிய வெயிலில், விசிறி மட்டும் உள்ள விடுதி அறையில், 33 டிகிரியில்: 33 + 50 = 83 டிகிரி.

ஒரே லேப்டாப், ஒரே விளையாட்டு. அறை 9 டிகிரி ஏறினால் சிப்பும் 9 டிகிரி ஏறுகிறது. குளிர் நாட்டில் உட்கார்ந்து ஒருவர் வீடியோவில் காட்டும் எண்ணை நம் எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்படக் கூடாது என்பது இதனால்தான்.

இப்போது தூசி அடைத்து வெப்பத் தடை 0.65 ஆகிறது என்று வைங்க: 33 + 65 = 98 டிகிரி. வரம்பைத் தொட்டாயிற்று.

இந்தச் சூத்திரத்தில் நாம் மாற்றக்கூடியவை மூன்று: அறையின் வெப்பநிலை, வாட், வெப்பத் தடை. கீழே சொல்லும் எல்லா வழியும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் குறைக்கிறது. யாராவது ஒரு புது வழி சொன்னால் 'இது மூன்றில் எதைக் குறைக்கும்?' என்று கேளுங்க. பதில் இல்லையென்றால் காசு கொடுக்காதீங்க.

4. முதலில் அளந்து பாருங்க

கையால் தொட்டு 'ரொம்பச் சூடு' என்று சொல்வது அளவு இல்லை. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ஜிபியூ வெப்பநிலை தெரியும். சிபியூவுக்கு எச்.டபிள்யூ.இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் வேண்டும். அதில் சிப் சூட்டினால் வேகம் குறைந்ததா என்பதற்கு ஆம், இல்லை என்றே காட்டும் வரிகளும் உண்டு.

மூன்று எண் எழுதி வைங்க: அறையின் வெப்பநிலை, சும்மா இருக்கும்போது சிப், 15 நிமிடம் விளையாடிய பிறகு சிப். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே விளையாட்டில், அதே இடத்தில் அளந்தால் மாற்றம் தெரிந்து விடும். வெறும் 80, 85 டிகிரியைப் பார்த்துப் பதற வேண்டாம், கேமிங் லேப்டாப்புக்கு அது சாதாரணம். போன வருடம் 82 இருந்தது இந்த வருடம் 97 என்றால்தான் கவனிக்கணும்.

5. அளந்ததால் என்ன ஆயிற்று?

நம் கிளையில் ஒரு தம்பி பாலிடெக்னிக்கில் அனிமேஷன் படிக்கிறான். அப்பா லாரி ஓட்டுநர். லேப்டாப்புக்கு இன்னும் மாதத் தவணை கட்டுகிறார். இறுதிப் படைப்பை ரெண்டர் செய்யப் போட்டால் அரை மணி நேரத்தில் அணைந்து விடுகிறது. ஒரு கடையில் காட்டியபோது மதர்போர்டு போயிற்று, 1,400 வெள்ளி ஆகும் என்றார்களாம். ஒப்படைக்க ஒன்பது நாள்தான் இருந்தது. வீட்டில் அப்பா கோபமாக இருந்தார்.

"ராத்திரி பூரா கேம் விளையாண்டா வேற என்னம்மா ஆகும்? படிக்க வாங்கிக் கொடுத்தா இப்படி" என்றார் என்னிடம். தம்பி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். "அக்கா, நான் இந்த செமெஸ்டர் கேமே போடல" என்று மெதுவாகச் சொன்னான்.

அளந்து பார்த்தோம். அறை 31. சும்மா இருக்கும்போது 62. ரெண்டர் தொடங்கிய 40 நொடியில் 100. விசிறி சுற்றும் சத்தம் நன்றாகக் கேட்டது, ஆனால் இடது பக்கத் துவாரத்தில் கையை வைத்தால் காற்றே இல்லை. மதர்போர்டு கெட்டிருந்தால் காற்று ஏன் நிற்கணும்? உத்தரவாதம் முடிந்திருந்ததால் அடி மூடியைக் கழற்றினோம். விசிறிக்கும் தகட்டு அடுக்குக்கும் நடுவே ஒரு துணி விரித்த மாதிரி தூசி.

அதுவரைக்கும் தள்ளி நின்ற அவன் அப்பா குனிந்து பார்த்தார். "இது நம்ம லாரி ரேடியேட்டர் மாதிரிதானே? காத்து வர்ற பக்கமிருந்து ஊதாதீங்கம்மா, இன்னும் உள்ளே போய் அடைச்சுக்கும். எதிர்ப் பக்கமிருந்து ஊதுங்க" என்றார். நான் பல்கலைக்கழகத்தில் வெப்பப் பரிமாற்றம் பாடம் எடுத்திருக்கிறேன். அதை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவரே டார்ச் பிடித்தார், மகன் தூரிகையால் தட்டினான். பசையும் மாற்றினோம். மொத்தச் செலவு 38 வெள்ளி. அதே ரெண்டர், அதே அறை, 83 டிகிரி. இரவு முழுக்க ஓடியது, அணையவில்லை.

எல்லா லேப்டாப்பும் இப்படிச் சரியாகி விடும் என்று நான் சொல்ல வரவில்லை. மதர்போர்டு உண்மையிலேயே போவதும் உண்டு. ஆனால் கையில் மூன்று எண் இருந்தால், கடைக்காரரிடம் சரியான கேள்வி கேட்கலாம். வீட்டில் வீண் பழியும் வராது.

6. செய்ய வேண்டியவை: காசு இல்லாத வழியிலிருந்து தொடங்குங்க

அ. இடம். மெத்தை, தலையணை, மடி மேல் வைக்காதீங்க. பெரும்பாலான லேப்டாப் அடிப்பக்கமிருந்து காற்றை இழுக்கிறது. கடினமான மேசையில் வைத்து, பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்துங்க. இரண்டு ரப்பர் துண்டு போதும், துவாரத்தை மட்டும் மறைக்கக் கூடாது. சூடான காற்று வெளியேறும் பக்கம் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது.

ஆ. ஃபிரேம் வரம்பு. திரை 144 ஹெர்ட்ஸ் என்பதற்காக எல்லா விளையாட்டும் 144 ஃபிரேமில் ஓடத் தேவையில்லை. கதை விளையாட்டுக்கு 60 போதும். வரம்பு போட்டால் ஜிபியூ வேலை குறையும், வாட் குறையும்.

இ. டர்போவை நிறுத்துதல். விண்டோஸ் பவர் அமைப்பில் 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' என்பதை 100லிருந்து 99க்கு மாற்றினால் சிபியூ டர்போ வேகத்துக்குத் தாவாது. ஒரே ஒரு எண், ஆனால் சூடு நன்றாகவே இறங்கும். சில லேப்டாப்பில் இந்த அமைப்பு மறைந்திருக்கும். அப்போது தயாரிப்பாளரின் மென்பொருளில் 'சைலண்ட்' அல்லது 'பேலன்ஸ்டு' முறையைப் பயன்படுத்துங்க.

ஈ. அண்டர்வோல்ட். சிப் செலவிடும் வாட் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தை 10 விழுக்காடு குறைத்தால் 0.9 × 0.9 = 0.81. அதாவது வேகத்தைத் தொடாமலே ஏறக்குறைய 19 விழுக்காடு வாட் மிச்சம். நம் பழைய கணக்கில் போட்டுப் பாருங்க: 33 + (81 × 0.65) = ஏறக்குறைய 86. தூசி இருந்தும் 12 டிகிரி குறைகிறது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கணும், அதிகமானால் லேப்டாப் உறைந்து நிற்கும். 2019ல் 'பிளண்டர்வோல்ட்' என்ற பாதுகாப்புக் குறை வெளியானதற்குப் பிறகு பல இன்டெல் லேப்டாப்பில் இந்த வசதியைப் பூட்டி விட்டார்கள். உங்களுடையதில் பூட்டியிருந்தால் விட்டுவிடுங்க. ஜிபியூவுக்கு எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் மூலம் முயலலாம்.

உ. தூசி நீக்குதல். லேப்டாப்பை முழுக்க அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்குங்க. காற்று ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளணும். பிடிக்காமல் ஊதினால் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடும். அழுத்தக் காற்றுக் குப்பியை நேராகப் பிடிங்க, சாய்த்தால் திரவமாகப் பீச்சும். வீட்டு வேக்யூம் கிளீனர் வேண்டாம், நிலைமின்சாரம் உண்டாகும்.

ஊ. பசை மாற்றுதல். இது பழகியவர் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை. செம்புத் தகட்டின் திருகுகளில் எண் போட்டிருப்பார்கள். அந்த வரிசைப்படி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கணும். ஒரு மூலையை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சிப் நொறுங்கலாம். பழைய பசையை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைங்க. பக்கத்தில் இருக்கும் மென்மையான பட்டைகளைத் தூக்கிப் போடாதீங்க, அவை மெமரிச் சிப்புக்கானவை. பசை வெள்ளி நிறத் திரவமாகப் பளபளத்தால் அது திரவ உலோகம். மின்சாரத்தைக் கடத்தும், போர்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் ஆபத்து. அப்படியே மூடிவிட்டுச் சேவை மையத்துக்குக் கொண்டு போங்க.

உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் உ, ஊ இரண்டையும் தொடும் முன் தயாரிப்பாளரின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்க.

7. செய்யக் கூடாதவை

ஐஸ் கட்டிப் பையை அடியில் வைப்பது, லேப்டாப்பைக் குளிர்பெட்டியில் வைப்பது: இரண்டும் வேண்டவே வேண்டாம். ஒரு கிளாஸ் மைலோ ஐஸை மேசையில் வைத்துப் பாருங்க. ஐந்து நிமிடத்தில் வெளியே வியர்த்துக் கொட்டும். நம் ஊர்க் காற்றில் அவ்வளவு ஈரம். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருள் மேலும் நீர் படியும். சர்க்யூட் மேல் படிந்தால் கதை முடிந்தது.

லேப்டாப்பை 'ஸ்லீப்' முறையில் பைக்குள் திணிக்காதீங்க. சில சமயம் அது பைக்குள்ளேயே தானாக விழித்துக்கொண்டு ஓடும், காற்று போக வழியில்லாமல் கொதிக்கும். முழுக்க அணைத்துவிட்டுப் பையில் வைங்க.

8. பேட்டரி: இதில் மட்டும் விளையாட வேண்டாம்

சிப்புக்குத் தற்காப்பு உண்டு என்று பார்த்தோம். பேட்டரிக்கு அவ்வளவு தாங்கும் சக்தி இல்லை. லித்தியம் அயான் பேட்டரி சூட்டில் சீக்கிரம் மூப்படையும். 100 விழுக்காட்டில் சார்ஜர் மாட்டியபடியே சூட்டில் கிடந்தால் இன்னும் சீக்கிரம். தயாரிப்பாளரின் மென்பொருளில் 80 விழுக்காடு வரம்பு இருந்தால் போட்டு வைங்க.

டச்பேட் மேலே எழும்பி வருகிறதா? அடி மூடி உப்பியிருக்கிறதா? மேசையில் வைத்தால் ஆடுகிறதா? பேட்டரி வீங்கியிருக்கலாம். உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றுங்க. அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது, மறுபடி சார்ஜ் போடக் கூடாது. குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். விடுதியில் கட்டில் மேல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போகாதீங்க, பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். நேராகச் சேவை மையத்துக்குக் கொண்டு போங்க. பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்க. அசைன்மெண்ட் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, விரிவுரையாளரிடம் அவகாசம் கேட்டுக்கொள்ளலாம்.

9. பயிற்சி

கிளைச் சந்திப்பில் எல்லாரும் சேர்ந்து செய்யலாம்.

1. ஐந்து லேப்டாப் எடுத்து, மூன்று எண்களையும் அளந்து ஒரு அட்டவணை போடுங்க. வயதில் மூத்த லேப்டாப்தான் அதிகச் சூடா? இல்லையென்றால் ஏன்?

2. ஒரே லேப்டாப்பை மெத்தையில் ஐந்து நிமிடம், மேசையில் ஐந்து நிமிடம், பின்பக்கம் உயர்த்தி ஐந்து நிமிடம் ஓட்டி வேறுபாட்டை எழுதுங்க. மெத்தையில் ஓடும்போது பக்கத்திலேயே இருங்க.

3. சிப் 90 வாட், அறை 32 டிகிரி, சிப் 95 டிகிரி. வெப்பத் தடை எவ்வளவு? அதே லேப்டாப்பை 25 டிகிரி ஏர்கோன் அறையில் வைத்தால் சிப் எவ்வளவு காட்டும்? (விடை: 0.7, 88 டிகிரி.)

4. கூலிங் பேட், வெளியே மாட்டும் உறிஞ்சு விசிறி, விலை உயர்ந்த பசை: ஒவ்வொன்றும் சூத்திரத்தில் எதைக் குறைக்கிறது? வாங்கும் முன் பேசி முடிவு செய்யுங்க.

அட்டவணையைத் தூக்கிப் போடாதீங்க. ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுங்க. எந்த லேப்டாப்பைத் திறக்கணும், எதைச் சும்மா விடலாம் என்று அந்த இரண்டு வரிசை எண்களே சொல்லும்.